பக்கத்து வீட்டுக் குத்துப்பந்து

பக்கத்து வீட்டு மாணிக்கம் குத்துச்சண்டைக்காரன். கைவேகத்துக்காக அடித்துப் பழகும் தோல்பந்தை ஒரு பலகையில் தொங்கவிட்டு, அந்தப் பலகையை இரு வீட்டுக்கும் பொதுவான உத்தரத்தில் அறைந்து வைத்திருக்கிறான். பத்திரிகையில் இரவு வேலை முடிந்து, விடியலில் நான் படுக்கும்போது அடி தொடங்கும். சுவர் அதிர்ந்து என் மேல் காரை உதிரும். மூன்று வாரமாகத் தூக்கமில்லை.

இன்று காலை மறுபடியும் போய்ச் சொன்னேன்.

"இன்னா சார், ராயபுரத்துல கப்பல் சங்கு ஊதுது, ரயிலு ஓடுது. அதெல்லாம் கேட்டுகினு தூங்கற. என் பந்துதான் உனக்கு பேஜாரா கீதா?"

"உன் வலது கை நிக்காம அடிக்குது, மாணிக்கம். இடது கை பத்து அடிக்கு மேல தடுமாறுது. சுவர் வழியா எல்லாம் கேக்குது," என்றேன்.

அவன் முகம் மாறியது.

"பேப்பர்ல போட்டுடாத சார். ஞாயித்துக்கெழம பந்தயம் கீது."

"போடமாட்டேன்."

மதியத்துக்குள் பலகைக்கும் உத்தரத்துக்கும் நடுவே லாரி டயர் ரப்பரை வெட்டி வைத்துவிட்டான். இப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறான். சுவர் அசையவில்லை.

பத்திரிகையில் நிச்சயம் போடமாட்டேன். அவனோடு மோதப்போகும் காசிமேட்டுக்காரரிடம் நேற்றே டீக்கடையில் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் நன்றாகத் தூங்கப்போகிறேன். பந்தயத்துக்குப் போகிறவர்கள் முடிவை வந்து சொல்லுங்கள்.