ஒரு முழமும் கொசுறும்

நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறேன். என் கன்னத்துத் தழும்பைப் பற்றி வழியெல்லாம் விசாரித்த இரண்டு அம்மாக்களும் கூடவே இறங்குகிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், முன்சீட்டு அம்மாவிடம் மாடு முட்டியது என்றும் பின்சீட்டு அம்மாவிடம் நாய் கடித்தது என்றும் சொல்லியிருந்தேன். இப்போது பூக்கடை வாசலில் இருவருக்கும் சண்டை.

"மாடுதேன். அந்தப் புள்ளையே சொல்லுச்சு!"

"என்கிட்ட நாயின்னுச்சே!"

பூக்கார அக்காவும் என் முகத்தைப் பார்க்கிறார். அடுத்த பொய்க்குத் தயாராகிறேன்.

"எத்தன மொழம்?" என்கிறார், அவ்வளவுதான்.

ஒரு முழம் மல்லிகை அளந்து, கேட்காமலே கொசுறாக ஒரு சாண் சேர்த்துத் தருகிறார். நானும் கேட்காமலே உண்மையைச் சொல்கிறேன்.

"சைக்கிள் பழகுறப்ப முள்வேலியில விழுந்துட்டேன்க்கா."

"பெறகு பழகிட்டியா?"

இதை மட்டும் யாரும் கேட்டதே இல்லை.

"நல்லாவே ஓட்டுவேன்க்கா."