பந்தயச் சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்பு

தமிழ்க் கடைகள் நிறைந்த பிரெஞ்சுத் தெருவான லாச்சப்பலில் இன்று எனக்கு இரண்டு கடை இருக்கிறது. படிப்பு ஏறாமல் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மூட்டை தூக்கித்தான் மேலே வந்தேன். கையில் எடுத்த வேலையை அரைகுறையாய் விடமாட்டேன், என்னிடம் வேலை செய்த யாரையும் கேட்டுப் பாருங்கள். அந்தக் குணம் பத்து வயதிலேயே இருந்தது. அதனால் ஒரு ஜேர்மன்காரியின் கழுத்து முறியப் பார்த்தது.

என் மாமாவின் பலசரக்குக் கடைக்கு மேலே அவள் ஆறாம் மாடியில் ஒரு சின்ன அறையில் வாடகைக்கு இருந்தாள். முதலில் நீந்தி, பிறகு சைக்கிள் ஓடி, கடைசியில் காலால் ஓடுகிற பந்தயம். மூன்றுக்கும் நடுவில் ஓய்வு கிடையாது. அதுதான் அவள் தொழில். சின்ன வயதில் தன் நாட்டு நீச்சல் அணிக்குள் போக மயிரிழையில் தவறி, அந்தக் கோபத்தில் இதற்கு மாறினவளாம். நாடு நாடாய்ப் போய் வென்றிருக்கிறாள். முந்தின வருடம் ஒரு இறக்கத்தில் விழுந்து முழங்காலை வெட்டித் தைத்திருந்தார்கள். விடிந்தால் கால்வாய்க் கரையோரம் ஓல்னே என்ற ஊர் வரை சைக்கிள் மிதித்துப் போய் வருவாள். மாமியிடம் வந்து சோறும் பருப்பும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவாள். மாமி அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.

அவளுக்குச் சம்பளம் கொடுத்த பிரெஞ்சுக் கழகம், ஏரிக்கரைப் பந்தயத்தில் முதல் ஐந்து பேருக்குள் வந்தால்தான் அடுத்த வருடமும் வைத்திருப்போம் என்று சொல்லிவிட்டது. பந்தயத்தன்று காலை மாமா, கடைச் சாமான் ஏற்றும் வானில் எல்லோரையும் ஏற்றிப் போனார். நான் பின்னால், சாமான் பெட்டிகளுக்கும் அவளுடைய சைக்கிளுக்கும் நடுவில்.

அந்த வானை வாங்கியபோது சந்தனம் குங்குமம் வைத்துத்தான் மாமா ஓடத் தொடங்கினார். ஒரு கீறல் விழவில்லை. இந்தச் சைக்கிளுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் அவள் விழுந்தாள் என்பது எனக்குத் தெளிவாய் விளங்கியது. கும்பாபிஷேகத்தில் பிள்ளையார் சிலை முழுக்க எண்ணெய் பூசி எண்ணெய்க்காப்பு சாத்திய கை இது. பெட்டியில் நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது, குங்குமமும் இருந்தது. இரண்டு சில்லையும், சக்கர விளிம்பில்கூட ஓரிடம் விடாமல் பூசி, பாவாடையால் மினுக்கி, சட்டத்தில் ஒரு பொட்டும் வைத்தேன். இறக்கும்போது பொட்டைக் கண்டு அவள் சிரித்தாள். நேரம் போய்விட்டது, அப்படியே உருட்டிக்கொண்டு போய் பந்தயச் சைக்கிள்கள் வைக்கும் வேலிக்குள் மாட்டிவிட்டு ஏரிக்கு ஓடினாள்.

பெண்கள் தண்ணீரில் பாய்ந்த பிறகுதான் மாமா என் கையை மணந்து பார்த்தார்.

"என்னடி நல்லெண்ணெய் மணக்குது?"

"சைக்கிளுக்கு எண்ணெய்க்காப்பு, மாமா."

"எங்கை பூசினனீ?"

"சில்லு முழுக்க."

"பிறேக் பிடிக்கிற இடத்திலையுமோ?"

"ஓம். ஒரு இடமும் விடேல்லை."

மாமாவின் முகம் செத்துப்போனது. சைக்கிள் பாதை ஒரு மேட்டிலிருந்து இறங்கி ஏரியோரம் சடாரென்று திரும்புகிறது, வரும்போதே பார்த்திருந்தோம். வேலியடிக்கு ஓடினோம். காவலுக்கு நின்றவர் கையை விரித்தார். வெளியாள் சைக்கிளைத் தொட்டால் அவளுக்குப் பந்தயமே இல்லையாம். மாமாவுக்குப் பிரெஞ்சு வாயில் நுழையாது. என்னைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"பூசினவள் நீ. நீயே கத்து."

அவள் மூன்றாவதாய்க் கரையேறி வந்தாள். பிறேக்கில் எண்ணெய், பிறேக்கில் எண்ணெய் என்று பிரெஞ்சில் தொண்டை கிழியக் கத்தினேன். என் குரலுக்கு இன்றைக்கும் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்று ஏரிக்கரையே திரும்பியது. அவள் விரலால் சில்லைத் தொட்டாள், விரலை மணந்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து மணலை அள்ளித் தேய்க்கத் தொடங்கினாள். மற்றவர்கள் வந்து தங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்று, இரண்டு என்று ஒன்பதுவரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண மாமி விடவில்லை, வாயைப் பொத்திவிட்டார்.

இறக்கத்தில் அவள் வந்தபோது பிறேக் கிறீச்சிட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. வளைவில் பின்சில்லு ஒருமுறை வழுக்கியது, நிமிர்ந்தது, போய்விட்டாள்.

"உன்ரை வாயாலை ஒரு நன்மை நடந்தது இண்டைக்குத்தான்" என்றார் மாமி.

ஓட்டத்தில் பலரைப் பிடித்தாள். ஏழாவதாய் வந்தாள்.

கழகத்து மனிதர் வந்து, சில்லில் எண்ணெய் பூசியது யார் என்று கேட்டார். வேறு யாராவது செய்த வேலையென்றால் உன் பிழை இல்லை, உனக்காகத் தலைவரிடம் பேசுவேன், சொல் என்றார். மாமா என் தோளை இறுக்கிப் பிடித்தார். அவள் தன் கையைத் துவாயில் துடைத்தபடி, நான்தான் பூசினேன் என்றாள். அந்த மனிதர் போய்விட்டார்.

அந்த வருடத்தோடு அவளுடைய பந்தயம் முடிந்தது. பிறகு தன் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கினாள்.

ஆனால் அன்று வீடு திரும்பும்போது வானில் நான் விக்கி விக்கி அழுதேன். அவள் விழாமல் வந்தது என் பூசையால். அதைத் தானே செய்ததாக எல்லோருக்கும் முன்னால் பொய் சொல்லிவிட்டாளே.

"என்ரை பூசையைக் களவெடுத்துப்போட்டா, மாமி."

முன்னால் இருந்த ஜேர்மன்காரி திரும்பி, தன் வாழைப்பழத்தில் பாதியை முறித்து என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை.