எதிர்மலையில் வாசிக்கிற எழுத்து

பதுளையில் நான் வேலை செய்யும் பேனர் கடையில், ஆள் வராத மத்தியானங்களில் கம்ப்யூட்டரில் ஒரு தமிழ் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தேன். நல்ல தடித்த எழுத்து. வட்டமும் நேர்கோடும்தான், வால் நெளிவு ஒன்றும் கிடையாது. கோடு எங்கேயும் ஒரே பருமன். ட, ப இரண்டும் சட்டென்று வந்துவிட்டன. அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது. நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அங்கே பெண்கள் சேர்ந்து கரப்பந்தாட்டப் போட்டி, வாலிபால்தான், வைக்கிறார்களாம்.

"பேனர் வேணும்டி. எதிர்மலையில வேலை செய்றவங்களும் வாசிக்கணும். அவங்க வந்தாத்தான் கைதட்ட ஆள் இருக்கும்."

"என்கிட்ட எழுத்து இருக்கு!" என்று கத்தினேன். முதலாளி திடுக்கிட்டுத் திரும்பினார்.

'பெண்கள்' என்ற ஒரு சொல்லை மட்டும் பெரிதாக அடித்து, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். மைதானத்துக் கம்பிவேலியில் கட்டினேன். அக்கா எதிர்மலையில் ஏறி நின்று போனில் பேசினாள்.

"என்னா தெரியுது?" என்று கேட்டேன்.

"முதல்ல பெ. அதுக்கப்புறம் இட்லி. கடைசில கள்."

"என்னாது?"

"பெ, இட்லி, கள். விளையாட்டுக்குக் கூப்பிடுறியா, விருந்துக்கா?"

மூன்று சுழி ண! அவ்வளவு தடித்த கோட்டில் சுழிகளெல்லாம் அடைபட்டு, வெந்த இட்லிமாதிரி உப்பிப்போயிருந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் போன் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்துவிட்டது. நான் இங்கிருந்து விடாமல் போன் அடிக்க, அவள் மணிச்சத்தம் வந்த பக்கமெல்லாம் தேடினாள்.

கடைக்குத் திரும்பி ண-வை அகலமாக்கினேன். சுழிகளுக்குள் மட்டும் கோட்டை இளைக்க வைத்தேன். ஒரே பருமன் என்ற என் சட்டத்தை நானே மீறினேன். ஆனால் இளைத்த பிறகுதான் கண்ணுக்கு எல்லாம் ஒரே பருமனாகத் தெரிந்தது! வட்டத்தையும் ட-வின் உயரத்துக்கே வைத்தால் குள்ளமாகத் தெரிகிறது, துளி உயர்த்தினால் சரியாகிவிடுகிறது. கண்ணை இப்படி ஏமாற்றலாம் என்று கண்டுபிடித்த அன்று குதூகலத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுப் பேனர் கட்டிய காலை, எதிர்மலையில் கொழுந்துக்கூடைகளோடு நின்ற பெண்கள் ஒரே குரலில் வாசித்தார்கள்: "பெண்கள் கரப்பந்தாட்டம்!" மைதானத்தில் நின்ற எனக்கே கேட்டது. அக்காவும் நானும் கைகோத்துக் குதித்தோம். போட்டியன்று உட்கார இடமில்லை. அக்காவின் அணி தோற்றது. அதற்கும் கைதட்டல்தான்.

பிறகு முச்சக்கரவண்டி, சலூன் பலகை, கல்யாணப் பேனர் எல்லாவற்றுக்கும் அந்த எழுத்தையே கேட்டார்கள். போன வாரம் லுணுகலை பஸ்ஸில் போகும்போது எங்களை முந்திப்போன வேனின் முதுகில் 'மீன்' என்று கொட்டை கொட்டையாக என் எழுத்து.

"ஐயோ, அது என்னோடது!" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

பக்கத்து சீட்டிலிருந்த ஒரு வயதான அம்மா கேட்டார்: "மீன் யாவாரமா நீங்க?"

சந்தோஷத்தில் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். இறங்கும்வரை சாளை மீன் விலை விசாரித்துக்கொண்டே வந்தார்.