ஏப்ரன் இல்லாத கார்லிஸ்

கார்லிஸை ஏப்ரன் இல்லாமல் பார்த்த ஆள் ஹெல்காபர்கில் கிடையாது. அவளுடைய கல்யாணப் படங்களைப் பாருங்கள், தெரியும். மோதிரம் மாற்றிய கையோடு வெள்ளைக் கவுனுக்கு மேல் ஒரு கட்டம்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தன் கல்யாணக் கேக்கைத் தானே வெட்டிப் பரிமாறியவள் அவள். பாவம், கணவர் செல்மரின் மாமா ஒருவர் மணப்பெண் யார், சமையல்காரி யார் என்று தெரியாமல் வேறு யாரோ ஒரு பெண்ணின் கையைக் குலுக்கி வாழ்த்திவிட்டுப் போனார்.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனபோது நடந்தது இன்னும் அழகு! மயக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரி அங்கியின் நாடாவை முதுகுப் பக்கம் தடவிப் பார்த்திருக்கிறாள். "முடிச்சு பரவாயில்ல. பாக்கெட் எங்க?" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறாள்.

பண்ணை ஏலம் என்றால் ஊர் ஆண்கள் டிராக்டரைச் சுற்றி நிற்பார்கள். கார்லிஸ் நேரே பழந்துணிப் பெட்டிக்குள் தலையை விட்டுவிடுவாள். செர்ரி அச்சு போட்டது, நெளிநெளியாக நாடா வைத்துத் தைத்தது, கைக்குட்டைகளை ஒட்டிச் செய்தது, கோழித்தீவன மூட்டையின் பூப்போட்ட துணியில் வந்தது என்று அவள் வீட்டின் ஓர் அறை முழுக்கக் கொடிகட்டித் தொங்கும். பழசு கிடைக்காவிட்டால் அதே மாதிரி தானே தைத்துக்கொள்வாள். பார்ப்பதற்கு மட்டும் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். எல்லாவற்றையும் முறைவைத்துக் கட்டுவாள். கட்டாத ஏப்ரன் வெறும் திரைச்சீலை என்பது அவள் கட்சி.

செல்மருக்கு அதனால் வானிலை அறிக்கையே தேவையில்லை. காலையில் மனைவியைப் பார்த்தால் போதும். சேவல் போட்ட ஏப்ரன் என்றால் வறுத்த கோழி உண்டு. மஞ்சள் என்றால் விருந்தாளி வருகிறார்கள், முகம் மழிக்க வேண்டும். செர்ரி ஏப்ரன் என்றால் தொழுவத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுவது உடம்புக்கு நல்லது.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு நாத்தனார். செல்மரின் தங்கை லவோன். அவளும் ஏப்ரன் தைப்பாள், அதுவும் எப்படி! தையல் எது, துணி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வாழ்நாளில் ஒன்றைக்கூட அவள் கட்டியதில்லை. மாவட்டப் பொருட்காட்சியில் ஊறுகாய், மெத்தைவிரிப்பு, கேக் என்று எதை வைத்தாலும் முதல் பரிசான நீல ரிப்பன் அவளுக்குத்தான். இரண்டாம் பரிசான சிவப்பு ரிப்பன் கார்லிஸுக்கு. லவோன் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க நீலம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால் கார்லிஸுக்கு அந்தச் சுவரைப் பார்த்த நாற்காலிதான் எப்போதும்.

அந்தக் கோடையில் பொருட்காட்சியில் புதிதாக ஒரு பிரிவு அறிவித்தார்கள்: பழங்காலப் பாணி சமையல் ஏப்ரன். புதிதாய்த் தைத்ததாக இருக்க வேண்டும், ஒரு தடவைகூடக் கட்டியிருக்கக் கூடாது.

"அண்ணி, உனக்காகவே வச்ச போட்டி மாதிரி இருக்கே!" என்றாள் லவோன், உருளைக்கிழங்கை நீட்டிக்கொண்டே. "சிவப்பு ரிப்பன் மாட்ட ஆணி அடிச்சு வச்சுட்டியா?"

"இந்த வருஷம் நீலம்டி. எழுதி வச்சுக்கோ."

"அப்போ பந்தயம் கட்டுவோமா? நீ ஜெயிச்சா, பொருட்காட்சியில நம்ம சர்ச் போடுற டோனட் கடையில உன் ஏப்ரனைக் கட்டிக்கிட்டு நான் பரிமாறுறேன்."

செல்மரின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது.

"நீ? ஏப்ரனா?" என்றாள் கார்லிஸ்.

"ஆமா. ஏப்ரன் கட்டுறதெல்லாம் மேல கொட்டிக்கிட்டுச் சமைக்கிறவங்களுக்குத்தான். இருந்தாலும் கட்டிக்கிறேன். ஆனா நான் ஜெயிச்சா, நீ ஏப்ரன் இல்லாம பரிமாறணும். ஊரே பாக்க."

கார்லிஸுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. ஏப்ரன் இல்லாமலா? பாதிரியார் வருவார்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள்!

"சரி," என்றாள். கை மேசைக்கு அடியில் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அலமாரியில் அவள் பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய தீவன மூட்டைத் துணி வெளியே வந்தது. குட்டிக்குட்டி ஊதாப் பூக்கள் போட்டது. அதன் ஜோடி மூட்டையில்தான் கல்யாணமான புதிதில் ஒரு ஏப்ரன் தைத்திருந்தாள். அதை இன்னும் கட்டுகிறாள். அதையே அளவாக வைத்துப் புதிதை வெட்டினாள். அதே மார்புத்துண்டு, அதே பெரிய பாக்கெட், இடுப்பில் அதே சுருக்கு. பிடிக்காத இடத்தையெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைத்தாள்.

இதற்கு நடுவில் செல்மரின் மேல்வரிசைப் பல் செட் காணாமல் போனது. சாப்பிடும்போது ஜாமில் இருந்த ராஸ்பெரி விதை அடியில் மாட்டிக்கொண்டால் அதைக் கழற்றி மேசையில் வைப்பது அவர் பழக்கம். வைத்தார். திரும்பிப் பார்த்தால் காணோம். மேசைக்கடியில் நாய் ரூஃபஸ் வாயை நக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து செல்மர் கஞ்சி குடித்துக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, ரூஃபஸ் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போய்ப் பொறுமையாகக் காத்திருந்தார். ரூஃபஸுக்கே கூச்சமாகப் போய்விட்டது.

பொருட்காட்சி நாள். விடியும் முன்பே கார்லிஸ் எழுந்து புது ஏப்ரனுக்கு இஸ்திரி போட்டாள். ஏப்ரனை அவிழ்த்தால் அடுப்பங்கரை நாற்காலியின் முதுகில் போடுவதுதான் அவள் வழக்கம். அன்று புதிதை அங்கே விரிக்க வேண்டுமென்று, அங்கே கிடந்த பழைய ஊதாப்பூ ஏப்ரனை எடுத்துக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் புதிதை நாற்காலியில் விரித்தாள். பிறகு கடைக்கான டோனட் மாவைப் பிசையத் திரும்பினாள். மூக்குக் கண்ணாடியில் மாவு படிந்து உலகமே மார்கழிப் பனியாகத் தெரிந்தது. எண்ணெய் காய்ந்தது. கை தானாக நாற்காலிக்குப் போனது. தானாக எடுத்தது. தானாக முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டது.

கண்ணுக்கும் மூளைக்கும் யாரும் தகவல் சொல்லவில்லை!

"ஏங்க!" என்று கத்தினாள், முதல் டோனட்டைப் புரட்டிக்கொண்டே. "அந்த ஊதாப்பூ ஏப்ரனைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க. பேர் எழுதின அட்டை மேசையில இருக்கு. குத்திக் கொடுங்க. கசக்கிடாதீங்க!"

செல்மர் நாற்காலியைப் பார்த்தார். காலி. கொக்கியில் ஊதாப்பூ ஏப்ரன் தொங்கியது. எடுத்தார், அட்டையைக் குத்தினார், போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மத்தியானம் வரை சர்ச் கடையில் நல்ல வியாபாரம். ஜாம் தெறிக்கத் தெறிக்க டோனட் போட்டுத் தள்ளினாள் கார்லிஸ். ஏப்ரன் கொஞ்சம் விறைப்பாக இருப்பது போலத் தோன்றியதுதான். புது சோப்புத்தூள் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு நேரத்துக்கு அப்படியே ஓடிவந்து பொருட்காட்சிக் கூடத்தில் லவோன் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்மர் கடைசி வரிசையில்.

தீர்ப்பு எல்லார் முன்னாலும்தான் நடக்கும். நடுவர் ஒவ்வொரு பொருளாகத் தூக்கிக் காட்டிக் குறை நிறை சொல்வார். எது யாருடையது என்று அவருக்குத் தெரியக் கூடாது. அட்டையில் பேரை மடித்துத்தான் குத்துவார்கள். தீர்ப்புக்கு முன் வாய் விட்டால் ஆட்டத்திலிருந்து அவுட். அதனால் கூடம் முழுக்கப் பெண்கள் முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதில் இந்த மாவட்டத்தை அடிக்க ஆளில்லை.

பக்கத்து மாவட்டத்திலிருந்து நடுவராக வந்திருந்தார் க்ரான்ஸ் அம்மா. முதலில் லவோனுடையதைத் தூக்கினார். வெள்ளை ஆர்கண்டி. அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரியும் அளவுக்கு மெல்லிசான துணி. பாக்கெட்டில் வெள்ளை நூலில் ரோஜாக்கள்.

"குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல," என்றார். "ஆனா இதைக் கட்டிக்கிட்டு முட்டை பொரிக்க மனசு வருமா?"

லவோன் மரக்கட்டை. மூக்கு நுனி மட்டும் துடித்தது.

அடுத்ததைத் தூக்கினார். கார்லிஸ் மூச்சைப் பிடித்தாள். ஊதாப் பூக்கள். கீழ் ஓரத்தில் அடுப்பில் கருகிய இடம். நடுவில் வாத்து மாதிரி ஒரு காப்பிக் கறை.

அந்த வாத்தை அவளுக்குத் தெரியும்! அது செல்மரின் அம்மாவின் சாவுச் சாப்பாட்டு அன்று சிந்திய காப்பி!

மெதுவாகத் தன் மடியைக் குனிந்து பார்த்தாள். புத்தம்புது ஊதாப் பூக்கள், அவற்றின் மேல் ராஸ்பெரி ஜாம்.

"அடடா," என்றார் க்ரான்ஸ் அம்மா. குரல் தழுதழுத்தது. "பழைய பாணின்னா இது! துணியை எப்படித்தான் வெளுக்க வச்சாங்களோ. இந்தக் கருகலைப் பாருங்க, வேணும்னே அளவா சுட்டிருக்காங்க. ஒரு நாடா நீளம், ஒரு நாடா குட்டை. வருஷக்கணக்கா இழுத்துக் கட்டுன மாதிரியே!" முகர்ந்து பார்த்தார். "வெங்காய வாசனைகூட வச்சிருக்காங்கய்யா!"

லவோன் உதட்டை அசைக்காமல் கிசுகிசுத்தாள். "அண்ணி. அது எங்கம்மா சாவுச் சாப்பாட்டுக்கு நீ கட்டியிருந்ததுதானே?"

"பேசாதே. பேசக் கூடாது."

"நீ இப்ப கட்டியிருக்கிறது என்ன?"

"பேசாதேன்னு சொல்றேன்ல!"

க்ரான்ஸ் அம்மாவின் கை நீல ரிப்பனை நோக்கிப் போனது. கார்லிஸ் சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதுதான் சட்டமே! லவோன் ஏப்ரன் கட்டுவாள். சாப்பாட்டு அறையில் நாற்காலி மாறும். ஆனால் கஷ்டப்பட்டுத் தைத்தது மடியில் கிடக்க, வாத்துக் கறைக்கு ரிப்பனா? அவள் எழுந்திருக்கக் காலை ஊன்றினாள்.

"பாக்கெட்டைப் பாருங்க, பாக்கெட்டை!" க்ரான்ஸ் அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "உள்ள சாமான்கூடப் போட்டு வச்சிருக்காங்க. துணி மாட்டுற கிளிப்பு... நூல்கண்டு... பாதி பிஸ்கட்டு..."

பிறகு அவர் கையில் வந்தது இளஞ்சிவப்பாக இருந்தது. சிரித்தது.

கூடத்தில் ஒரு மரக்கட்டையும் அசையவில்லை.

"இது..." என்றார் க்ரான்ஸ் அம்மா. "இவ்வளவு நுணுக்கத்தை நான் எங்கயும்..."

"எம் பல்லு!" கடைசி வரிசையில் செல்மர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கார்லிஸு! அது எம் பல்லுடீ! நாய் முழுங்கலடீ!"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு மேசையைத் துடைக்கும்போது, ரூஃபஸ் எடுத்துவிடப் போகிறதே என்று அந்தப் பல் செட்டைப் பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டவள் அவள்தான். போட்டதும் மறந்துவிட்டாள்.

எழுந்து நின்றாள். "என்னோடதுதாங்க. அது பழசு. நிஜமாவே பழசு. போட்டிக்குத் தைச்சது இது." ஜாம் வழியும் மார்புத்துண்டை விரித்துக் காட்டினாள்.

அட்டைகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஆர்ஃபா தலையை ஆட்டினாள். "வாய் விட்டாச்சு, கட்டியும் ஆச்சு. ரெண்டும் அவுட்டு, கண்ணு."

நீல ரிப்பன் ஆர்கண்டியில் ஏறியது. பல் செட்டைச் செல்மர் சட்டையில் துடைத்து அங்கேயே மாட்டிக்கொண்டார்.

பந்தயம் பந்தயம்தான். கார்லிஸ் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். லவோன் வேண்டுமென்றே ஏப்ரனை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

கடையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். சாம்பல் நிறக் கவுனில் நின்ற பெண்ணை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை! "கார்லிஸ் எங்கே, உடம்பு சரியில்லையா?" என்று அவளிடமே கேட்டார்கள். பாதிரியார் வந்து கையை நீட்டி, "ஊருக்குப் புதுசாம்மா? ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க," என்றார். அவளுக்கோ கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பழக்கத்தில் பாக்கெட்டுக்குள் போட்டாள். பாக்கெட் இல்லை. கரண்டி காலில் விழுந்தது. துண்டு விழுந்தது. ஒரு டோனட் விழுந்தது. ரூஃபஸுக்குப் பண்டிகை. வரிசை கரைந்துகொண்டே போனது.

ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்த லவோனுக்குக் கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணி ஏதோ குளித்துவிட்டுத் துண்டு தேடுகிறவள் மாதிரி கையை வயிற்றுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். லவோன் சட்டென்று கூடத்துக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த வெள்ளை ஆர்கண்டி. பின்னாலேயே ஆர்ஃபா ஓடிவந்தாள். "லவோன்! பொருட்காட்சி முடியிற வரைக்கும் எடுக்கக் கூடாதுடி! சட்டம்டி!"

"சட்டத்தைக் கொண்டுபோய் ஊறுகா போடு," என்றாள் லவோன். "திரும்பு அண்ணி."

"பந்தயம்?"

"திரும்புன்னு சொல்றேன்ல. பாக்கச் சகிக்கல. மொட்டைக் கோழி மாதிரி நிக்கிற."

கட்டிவிட்டாள். இறுக்கமாக, அழகாக ஒரு பூ முடிச்சு. நீல ரிப்பன் கார்லிஸின் இடது மார்பில் படபடத்தது. கார்லிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"அட, கார்லிஸ்!" என்றார் பாதிரியார், வரிசையில் மறுபடி நின்றபடி. "இங்க புதுசா ஒரு அம்மா இருந்தாங்களே, அவங்க எங்கே?"

"துவைச்சுத் தரணும் அண்ணி," என்றாள் லவோன்.

"ராஸ்பெரி போகாதுடி."

"தெரியும். அதான் நான் கட்டுறதில்ல."

வரிசை மறுபடி நீண்டது. பல் வந்த சந்தோஷத்தில் செல்மர் டோனட் மேல் டோனட்டாகத் தின்றுகொண்டிருந்தார். திடீரென்று முகத்தைச் சுளித்தார். விதை. பல் செட்டைக் கழற்றிக் கடைப் பலகையில் வைத்தார். கார்லிஸ் பாதிரியாருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். கை தானாகப் போனது. தானாக எடுத்தது. தானாகப் பாக்கெட்டில் போட்டது.

ஆர்கண்டி மெல்லிசு அல்லவா! அன்று சாயங்காலம் வரை, டோனட் வாங்க வந்தவர்களையெல்லாம் பார்த்து, வெள்ளை ரோஜாக்களுக்கு நடுவிலிருந்து ஒரு வரிசைப் பல் சிரித்துக்கொண்டே இருந்தது. செல்மர் மட்டும் கையில் குச்சியோடு ரூஃபஸைத் தேடிக்கொண்டு போயிருந்தார்.