ஊசி போடாத டாக்டர்

ராஜபாளையம் ரோட்டில் மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற பெண் வாசல் வரை வந்து, "டோக்கனை வச்சிட்டுப் போங்கண்ணே" என்று கூப்பிட்டாள். பிளாஸ்டிக் வில்லை இடது கையில்தான் இருந்தது. திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. இடது பக்கச் சட்டைப் பைக்குள் இடது கையாலேயே ஒன்றைப் போடுவது லேசான காரியம் இல்லை. அதை நான் நாலைந்து மாதமாகப் பழகியிருந்தேன். போட்டுக்கொண்டு நடந்தேன்.

நான் அங்கே போனது ஒரு சீட்டுக்காக. வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தலை சீவ முடியாது. சட்டை மாட்டும்போது வீட்டுக்காரி பின்னால் நின்று, குழந்தைக்குப் போடுகிற மாதிரி கையை உள்ளே விட்டுவிட வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கிற நூல் மில்லில் பஞ்சுப் பொதியை உருட்டி வந்து, பிரித்து, மிஷினுக்குக் கொடுப்பது என் வேலை. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் கண்டும் காணாமல் விட்டார். முந்தின நாள் சொல்லிவிட்டார்.

"எலும்பு டாக்டர்ட்ட போகணும்னு உம்ம டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாரும். உக்காந்து பாக்குத வேலை தாரேன். நாளன்னைக்குக் காலையில எழுத்து இல்லாம வந்தீர்னா கேட்டுக்குள்ள விடமாட்டேன். கீழ விழுந்து எதும் ஆச்சுன்னா யாருவே பதில் சொல்லுதது?"

எலும்பு டாக்டர் திருநெல்வேலியில் இருந்தார். மில் கொடுத்த மருத்துவ அட்டையைக் காட்டினால் அவர் காசு வாங்காமல் பார்ப்பார். ஆனால் அவரிடம் நேரே போக முடியாது. நாம் தேர்ந்தெடுத்த முதல் டாக்டர் பார்த்து, சரி போ என்று எழுதித் தர வேண்டும். நடு வழியில் ஒரு கேட், அதற்கு ஒரு காவல்காரர் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோழிப்பண்ணை, செங்கல் சூளை, ஈரோட்டில் சாயப்பட்டறை, ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டி என்று போகாத இடம் இல்லை. எங்கேயும் எனக்கு அட்டை தந்ததில்லை. காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்குவேன். அடிபட்டால் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்ப்பேன். இந்த மில்லில்தான் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அட்டையை நீட்டினார்கள். அதை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, பிடித்ததை நினைத்து மாதாமாதம் முனகிக்கொண்டிருந்தேன். கை முடங்கிய பிறகுதான் மில் ஆபீசில் போய்க் கேட்டேன்.

அங்கே இருந்த கிளார்க் சின்ன வயசுக்காரர். "மொதல்ல ஒரு டாக்டரை எடுத்துக்கணும். வயித்து வலின்னாலும் அவருதான், கால் வலின்னாலும் அவருதான்" என்றார்.

"எனக்கு வயித்து வலி இல்லையே."

"வாரப்ப அவருதான்."

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கு மூன்று பேர், பக்கத்துப் புளியங்குடிக்கு ஒருவர் என்று கம்ப்யூட்டரில் காட்டினார். முதலாவது ஆளைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை இருந்தது. டாக்டர் மகனோடு சென்னைக்குப் போய் வருசக்கணக்காகிறது என்றார்கள். இரண்டாவது ஆள் குழந்தை டாக்டர். தெரியாமல் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் பிள்ளையைக் காட்டி, "அழாத, அந்தத் தாத்தாவுக்குத்தான் ஊசி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஒரு பெண் டாக்டர்.

டீக்கடையில் யோசனை கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அந்தம்மாட்டயா போறீரு? அது ஊசி போடாதுவே" என்றார்.

"பெறகு என்ன செய்யும்?"

"கேள்வி கேக்கும்."

பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர், "புளியங்குடி டாக்டரைப் போடும். கைராசிக்காரரு. ஒரு ஊசிதான், மாடு மாதிரி எந்திரிச்சு வருவீரு" என்றார்.

"எதுக்குவே அலையணும்? கோவில்ல புத்துமண்ணு எடுத்துப் பூசும். அதுக்கு எவன்ட்டயும் சீட்டு வாங்க வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

இரண்டையும் செய்தேன். புற்றுமண்ணைக் குழைத்துத் தோளில் பூசினேன். புளியங்குடி டாக்டரை என் டாக்டர் என்று எழுதிக் கொடுத்தேன். எலுமிச்சை மூட்டை ஏற்றுகிற காலத்திலேயே அந்த ஊர் எனக்குப் பழக்கம். போன உடனே இடுப்பில் ஊசி. அட்டையைக் கேட்காமல் காசு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன். ஆட்டோக்காரரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தோன்றியது. ஒரு கையால்தான் கும்பிட முடியும், அது வேறு விஷயம். இரண்டு நாளில் வலி வட்டியோடு திரும்பி வந்தது. மறுபடியும் பஸ், மறுபடியும் ஊசி. மூன்றாவது தடவை ஊசி போட்டுக்கொண்டு, எலும்பு டாக்டருக்குச் சீட்டு கேட்டேன். அவர் என் அட்டையைத் தொடக்கூட இல்லை.

"அந்தத் திட்டத்துல இருந்து நான் விலகிட்டேனே. உங்க ஆபீஸ்ல சொல்லலியா?"

ஆபீசில் கேட்டால், கம்ப்யூட்டரில் பெயர் இன்னும் இருக்கிறது என்றார்கள். டாக்டரிடம் இல்லாத சம்மதம் கம்ப்யூட்டரிடம் இருந்தது. வேறு டாக்டருக்கு மாறலாமா என்றேன். மாறலாம், ஆனால் அடுத்த மாதம் பிறந்த பிறகுதான் அது செல்லும் என்றார்கள். கிளார்க்கிடம் கோபப்பட்டுப் பிரயோசனம் இல்லை. அவர் முகம் அப்போதே அழுவது மாதிரித்தான் இருந்தது. மாதம் பிறக்கும் வரை பொதியை இடது தோளால் முட்டித் தள்ளிக்கொண்டு இருந்தேன்.

அப்படிக் காத்திருந்துதான் அன்றைக்கு அந்த அம்மாவிடம் போனேன். முப்பது வயது இருக்கும். நெல்லைப் பக்கத்துப் பேச்சு இல்லை. கையைத் தூக்கச் சொன்னார், பின்னால் கொண்டு போகச் சொன்னார். அவரே பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அதுவரை சரி. அதற்குப் பிறகு கேள்வி ஆரம்பித்தது.

"ராத்திரி எத்தனை தடவை யூரின் போக எழுந்திருப்பீங்க?"

"எல்லாரும் போறதுதான்."

"தண்ணி தாகம் உண்டா? எடை குறைஞ்சிருக்கா?"

"மில்லுல வேக்காடு. தாகம் இல்லாம எப்படி இருக்கும்?"

"அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா?"

"அவங்க காப்பியே கருப்பட்டி போட்டுத்தாம்மா குடிச்சாங்க. எனக்குத் தோள்பட்டையிலதான் வலி. நான் ஒண்ணுக்குப் போறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? எலும்பு டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க, போறேன்."

"எழுதலாம். அதுக்கு முன்னாடி காலைல வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுங்க. என்னன்னு தெரியாம நான் யார்கிட்ட அனுப்புறது?"

"காலையில எனக்கு மில்லு. சீட்டு இல்லாட்டி மில்லு இல்ல. மில்லு இல்லாட்டி அட்டை இல்ல. அட்டை இல்லாட்டி நீங்களும் இல்ல. எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

அந்த அம்மா பதில் சொல்வதற்குள் அவருக்கு போன் வந்தது. எடுத்துப் பேசினார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் பஸ் ஏறப் போகவில்லை. அங்கே ஒரு புரோக்கர் உண்டு. போர் வண்டிகளுக்கு ஆள் பிடித்து வடக்கே அனுப்புகிறவர். எனக்குப் பத்து வருசப் பழக்கம். ஒரு ஊரில் கோபம் வந்தால் நான் வழக்கமாக அவரிடம்தான் போவேன். பழக்கடை நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாரும்வே. இந்தத் தடவை எவன் கூட சண்டை?"

"ஒரு பொம்பளை டாக்டரு. வண்டி எதும் போகுதா அண்ணாச்சி?"

"நாளைக் காலையில சத்தீஸ்கருக்குப் போவுது. ஒரு ஆள் குறையுது. சாப்பாடு, படுக்கை, கையில ரொக்கம். ஒரு பிடித்தமும் கிடையாது."

வருகிறேன் என்றேன். கோபம் அந்த ஒரு சொல்லிலேயே பாதி இறங்கிவிட்டது. அவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். பக்கத்தில் சரக்கு லாரி ஒன்று நின்றிருந்தது.

"ஏறும், பாப்போம்."

"எதுக்கு? எனக்கு ஏறத் தெரியாதா?"

"வந்ததுல இருந்து ஒத்தக் கையில வேர்வை தொடைக்கீரு. ஏறும்வே."

டயரில் காலை வைத்து இடது கையால் கம்பியைப் பிடித்தேன். உடம்பு மேலே எழும்பியது. அடுத்த பிடிக்கு வலது கை வர வேண்டும். வரவில்லை. ஆணி அடித்த மாதிரி விலாவோடு நின்றது. கொஞ்ச நேரம் ஒற்றைக் கையில் தொங்கிவிட்டு இறங்கினேன். பழக்கடைப் பெண் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தாள். அவள் சிரித்திருக்கலாம்.

"பைப்பு தூக்குத வேலைவே அது" என்றார் அண்ணாச்சி. "கை சரியானதும் வாரும். நான் எங்க போயிரப் போறேன்."

எனக்குச் சொந்தம் என்று சொல்ல இருந்தது கைகள்தான். கோபம் வந்தால் கிளம்பிவிடலாம் என்கிற தைரியமே அவற்றை நம்பித்தான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் போக்கிடம் இல்லாமல் போனது.

வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து, விசைத்தறிப் பட்டறைக்காரர் கொடுத்த நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவின் கேள்வியையும் சொன்னேன். கேட்டால் அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ராட்டையை நிறுத்தினாள்.

"எல்லாரும் போறதுன்னா சொன்னிய? ராத்திரி கதவு தொறக்குத சத்தத்துல எனக்கு உறக்கமே கிடையாது. பக்கத்து வீட்டு நாயி ஒங்களப் பாத்துக் குலைக்கதையே விட்டுருச்சு."

"அதுக்கும் தோளுக்கும் என்னட்டி?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. செம்பு தண்ணி காலையில காலி. வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்கு. என்ட்ட கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். எந்திரிங்க."

சாயங்காலம் மறுபடியும் ராஜபாளையம் ரோடு. டோக்கன் பெண் கையை நீட்டினாள். சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்துக் கொடுத்தேன். "அதையே வச்சிக்கங்க, கூப்பிடுதேன்" என்றாள்.

உள்ளே என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. டாக்டரும் வீட்டுக்காரியும் பேசினார்கள். என் இரவுகளைப் பற்றி அவள் அவ்வளவு கணக்கு வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் என் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மிஷினில் வைத்தார். பார்த்துவிட்டு மிஷினை எங்கள் பக்கம் திருப்பினார். முந்நூறைத் தாண்டியிருந்தது.

"சர்க்கரை இருக்கிறவங்களுக்கு இப்படித் தோள் இறுகிப் போறது அடிக்கடி நடக்கும். ரத்தம் முழுசாப் பார்த்துட்டு மாத்திரை ஆரம்பிக்கலாம். எலும்பு டாக்டருக்கும் எழுதுறேன், மில்லுக்கும் எழுதுறேன். ஆனா அவர்கிட்ட போனாலும் இது ஒரு நாள்ல சரியாகாது."

"எத்தனை நாள்?"

"மாசக்கணக்குல ஆகும். ஒரு வருஷம் தாண்டியும் போகலாம். மாசம் ஒரு தடவை என்கிட்ட வரணும்."

"ஒரு ஊசி போட்டா?"

"போட்டாச்சு இல்ல, மூணு?" என்றார். அதையும் வீட்டுக்காரி சொல்லியிருந்தாள்.

"இடையில நான் வேற ஊருக்குப் போறதா இருந்தா?"

"அங்க அட்டை இருந்தா அங்க ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லன்னா நீங்கதான் டாக்டர்."

பிறகு என்னைச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வலது கை விரல்களைச் சுவரில் வைத்து, பல்லி ஏறுகிற மாதிரி மெல்ல மேலே ஏற்றச் சொன்னார். நெஞ்சு உயரம் வரை ஏறியது. அதற்கு மேல் ஒரு விரல்கடை ஏற்றுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. இதைத் தினமும் காலையும் மாலையும் செய்ய வேண்டுமாம். சீட்டுக்காக இத்தனை மாதம் அலைந்தவனுக்குச் சீட்டோடு சேர்த்து ஒரு சுவரையும் கொடுத்தார்கள்.

வீட்டில் வீட்டுக்காரி என் விரல் நின்ற இடத்தில் கரித்துண்டால் கோடு போட்டாள். "இதுக்கு மேல ஏறினா அட்டையைப் பத்தி முனகுங்க. அதுவரை மூச்சு விடாதீய" என்றாள். அவள் தலைக்கு மேலே இருக்கிற பரணை நான் கண்ணால் அளந்து பார்த்தேன். என் துணிப்பை அங்கேதான் இருந்தது. அதை எடுக்கிற உயரத்துக்கு விரல் ஏற இன்னும் எவ்வளவோ இருந்தது.

மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, மில்லுக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன். சூப்பர்வைசர் அதை இரண்டு தடவை படித்தார். பொதி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். கழிவுப் பஞ்சு பொறுக்குகிற இடத்தில் உட்காரச் சொன்னார். கூலி குறைவு. அட்டைக்கான பிடித்தம் மட்டும் உண்டு. சரி என்று சொன்னேன்.

அங்கே எல்லாரும் பெண்கள். பஞ்சைப் பரப்பி வைத்து, அதிலிருக்கிற சணல், முடி, சாக்கு நூல் எல்லாவற்றையும் கையால் எடுத்துப் போட வேண்டும். மடியில் செய்கிற வேலை. தோளைத் தூக்க வேண்டியதில்லை. ஓரத்தில் இருந்த அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

"பொதிக்காரருல்லா நீங்க? இங்கன எதுக்குத் தள்ளிட்டாங்க?"

"கை எழும்பலை. டாக்டர் எழுதித் தந்திருக்காங்க."

"எந்த டாக்டரு?"

சொன்னேன்.

"அந்தம்மாவா? அது ஊசியே போடாதே."

"போடாது" என்றேன். பஞ்சை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் சணல் நூலை எடுத்தேன்.