'இயக்கம்' என்ற சொல்லுக்கு எதிரே என் பெயர்

கஸ்தூரியின் பெயரை அடித்தவள் நான். அவள் இயக்கிய நாடகத்தின் அழைப்பிதழில், 'இயக்கம்' என்ற சொல்லுக்கு எதிரே என் பெயரை எழுதிக்கொண்டவளும் நான்தான்.

நான் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆழ்வார்பேட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறேன். நாடகத்திலும் திரையிலும் பெண்களுக்குச் சரிபாதி இடம் கேட்பது எங்கள் வேலை. பெண்களுக்கு இயக்கமும் ஒளியமைப்பும் கற்றுத்தரும் பட்டறைகள் நடத்துகிறோம். நாடக அழைப்பிதழ்களைச் சேகரித்து, பெண்களின் பெயர்கள் எத்தனை என்று எண்ணி, சபாக்களுக்குக் கடிதம் எழுதுகிறோம். பிறர் விட்டுவிட்ட பெயர்களுக்காக அத்தனை சண்டை போட்ட நான்...

கஸ்தூரி பாலவாக்கத்துக்காரி. பல ஆண்டுகளாகத் தொலைக்காட்சித் தொடர்களில் துணை நடிகை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தி, சாவு வீட்டு அழுகையில் ஒருத்தி. எங்கள் பட்டறைக்கு வந்தபோது நாற்பது வயதிருக்கும். என்னைவிடச் சற்றே இளையவள். மூன்றாம் நாளே மற்றப் பெண்களை வைத்து ஒரு காட்சி அமைத்துக் காட்டினாள். படப்பிடிப்பில் கூட்டமாக அழுகிற பெண்கள், 'கட்' என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்கு நகர்கிறார்கள். ஒருத்திக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை. அவள் வீட்டில் உண்மையாகவே ஒரு சாவு.

அந்தக் காட்சிதான் முழு நாடகமாக வளர்ந்தது. தேனாம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஐந்து மாதம் ஒத்திகை. பத்துப் பெண்களை அவள் ஒருத்தியே வேலை வாங்கினாள். நான் வாரம் ஒருமுறை போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு சபா மேடை தர முன்வந்தது. ஒத்திகையைப் பார்த்த அதன் செயலாளர் என்னைத் தனியே அழைத்தார்.

"நாடகம் பிரமாதமா இருக்கு. ஆனா டைரக்டர்னு அந்தம்மா மேடையேறி இன்னா, கீதுன்னு பேசினா நம்ம மெம்பர்ஸ் நெளிவா. உங்க பேரைப் போட்டுடுங்கோளேன். நீங்களும் லேடிதானே?"

மறுத்திருக்கலாம். வேறு மேடை தேடியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? சபாவைப் பகைத்துக்கொள்ள அஞ்சினேன் என்றுதான் எனக்கே சொல்லிவந்தேன். அது பொய். அவர் அப்படிச் சொன்னபோது என் மனம் குளிர்ந்தது. இளவயதில் நாடகம் இயக்க ஆசைப்பட்டவள் நான். அது எனக்கு வராது என்று தெரிந்த பிறகே பிற பெண்களுக்காகப் பேச வந்தேன். மூன்றே நாளில் கஸ்தூரிக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை... அந்தக் கேள்வியோடுதான் ஐந்து மாதமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அழைப்பிதழின் கடைசி வரியில் 'ஒத்திகை உதவி: கஸ்தூரி' என்று அச்சாயிற்று. பெண்களின் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதைப் பார்த்துவிட்டு அவள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா மேடம், எம்பேரு கடைசீல கீது?"

"சபாவுல அப்படிக் கேட்டாங்க கஸ்தூரி. அடுத்த நாடகத்துல கண்டிப்பா உன் பேர்தான்."

"ஆம்பள புடுங்கிக்கினா உங்காண்ட வந்து சொல்லலாம். நீங்களே புடுங்கிக்கினா யாராண்ட போய் சொல்றது?"

அவள் போய்விட்டாள்.

நாடகத்தன்று வரமாட்டாள் என்றே நினைத்தேன். வந்தாள். அந்தப் பத்துப் பெண்களைக் கைவிட அவளால் முடியவில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, ஒவ்வொருத்தியையும் தோளைத் தொட்டு மேடைக்கு அனுப்பினாள். முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் பெண்களின் பெயரை மறைத்த காலம் முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் பேசினேன். நாக்கு கூசவில்லை. திரும்பியபோது, கஸ்தூரி அந்தப் பெண்கள் அவிழ்த்துப்போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் அவள் எங்கள் பக்கம் வரவேயில்லை. சென்ற ஆண்டு நானே பாலவாக்கம் போனேன். மறுபடியும் தொடர்களில் கூட்டத்தோடு நிற்கப் போய்க்கொண்டிருந்தாள். உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்தாள். என் பொறாமை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது மேடம்? எனக்குத்தான் தெரியுமே. சபாவுல போய் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. இதோ, இங்கேகூட அவள் பெயரை எழுதிவிட்டு என் பெயரை மறைத்திருக்கிறேன். கவனித்தீர்களா? இதுதான் என் துணிச்சலின் அளவு.

சென்ற வாரம் அடையாற்றில் ஒரு கல்லூரியில் பேசினேன். ஒரு மாணவி எழுந்து, "டைரக்ட் பண்ண பொண்ணுங்க ஏன் மேடம் நிறைய வர்றதில்ல?" என்று கேட்டாள்.

"வர்றாங்க. நிக்க விடறதில்ல."

"யாரு மேடம் விடறதில்ல?"

ஒரு கணம் வாய்வரை வந்தது...

"சமூகம்" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.