ஒன்பது படங்களில் ஒரு வலது கை

"மூணு தடவ படிக்காம நான் பிரஷ்ஷத் தொடவே மாட்டேன்."

படக்காரம்மா இதை முதன்முதலில் சொன்னது ஒரு பள்ளிக்கூட விழாவில். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்த ருசி விடவில்லை. அடுத்து ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னாள். பிறகு அவள் போகிற மேடைக்கெல்லாம் அந்த வாக்கியம் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டது. அவளை அறிமுகப்படுத்துகிறவர்களே அதைச் சொல்லிவிடுவார்கள்; அவள் தலையை ஆட்டினால் போதும். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. முதல் நான்கு புத்தகங்களை அவள் நிஜமாகவே மூன்று தடவை படித்தாள். மீதி முப்பத்திரண்டைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

நாவல்களையும் கதைகளையும் வண்ணப் படங்களோடு பெரிய அளவில் போடுகிற ஒரு பதிப்பகத்துக்கு இருபத்திரண்டு வருடமாக வரைகிறாள். தெருவில் அவளைப் படக்காரம்மா என்றால்தான் தெரியும். பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை அனுப்பும்போது, படம் வரவேண்டிய இடங்களைப் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு அனுப்புவார். அவள் அந்த அடைப்புக்குள் இருப்பதைப் படிப்பாள். மேலே நாலு வரி, கீழே நாலு வரி. ஆளுக்கு என்ன வயது, என்ன உடுப்பு, பகலா இரவா, மழை உண்டா இல்லையா. அவ்வளவுதான். பதினோரு நாளில் ஒரு புத்தகம் முடிந்துவிடும். நுனிப்புல் மேய்வது என்று இதற்குப் பெயர். ஆனால் மேய்ந்தது தெரியாத அளவுக்குப் படங்கள் நன்றாக வந்தன. அதுதான் வினையாகப் போயிற்று.

மருந்துக் கடை வைத்திருக்கும் கணவருக்கு மட்டும் சங்கதி தெரியும். "மூணு தடவயா? மூணு பக்கம்னு சொல்லு" என்பார். அவளும் சிரித்துவிடுவாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவர் தன் அம்மாவைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருந்தார். நாற்பது வயதில் அவருக்கு அது முதல் புத்தகம். ஒன்பது இடங்களில் அடைப்புக்குறி. அம்மா துணி பிழிந்தாள். அம்மா தங்கைக்குச் சடை பின்னினாள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். படக்காரம்மாவுக்குக் குஷியாகிவிட்டது. கை வரைவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முகத்தைக்கூட ஒப்பேற்றிவிடலாம், கையில் ஓவியனின் வண்டவாளம் தெரிந்துவிடும் என்று அவளே சொல்வாள். வலது கையில் பிரஷ் இருப்பதால் தன் இடது கையையே கண்ணாடியில் காட்டி, அதை வலது கையாக வரைந்துகொள்வது அவள் வழக்கம். ஒன்பது படத்திலும் அம்மாவின் வலது கை முன்னால் வந்து நின்றது.

படங்களைப் பார்த்துவிட்டுப் பதிப்பாளர் போன் செய்தார். "ரொம்பத் துணிச்சலாப் பண்ணியிருக்கீங்க" என்றார். வானத்துக்குப் போட்ட ஆரஞ்சு நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "பண்ணிப் பாப்போமேன்னுதான்" என்றாள்.

வெளியீட்டு விழா ஒரு நூலகத்தின் மாடியில் நடந்தது. மேடையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் லென்ஸ்காரர். அவருடைய அம்மா வரவில்லை. பேச வந்த கல்லூரிப் பேராசிரியை புத்தகத்தை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இந்தத் தாய்க்கு முதல் அத்தியாயத்துலயே வலது கை போயிடுது. அட்டைப்பெட்டிப் பட்டறையில, வெட்டுற மெஷின்ல. அதுக்கப்புறம் எழுத்தாளர் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வீட்டுல தினம் பாக்கறத யாரு எழுதிக்கிட்டிருப்பாங்க? ஆனா இந்த ஓவியர் பாருங்க, ஒம்போது படத்துலயும் அந்தக் கையத் திருப்பிக் குடுத்திருக்காங்க. மூணு தடவ படிச்சவங்களாலதான் இது முடியும்."

கைதட்டல் ஓயவே இல்லை. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? காது மடல் இரண்டும் கொதிக்க, படக்காரம்மா எழுந்து கும்பிட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட அவமானத்தோடு போயிருக்கும். அவளோ மைக்கைப் பிடித்து, "சில விஷயத்த விளக்கிச் சொல்லிட்டா அதோட அழகு போயிடும்" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். லென்ஸ்காரர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "படம் நல்லா இருக்குங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை. "இப்பவாவது படிச்சுடு" என்றார். அவள் புத்தகத்தை எடுத்தாள். திறந்ததும் கண்ணில் பட்டது அந்தக் கை. மூடிவிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. வெட்கக்கேட்டில் ஒரு விசித்திரம் உண்டு: எதைச் செய்தால் அது குறையுமோ அதைத்தான் செய்யவிடாது. புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போனது. நான்கு ஊர்களில் கூப்பிட்டு அந்தக் கையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போனாள், பேசினாள். ஐந்தாவது ஊருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு போன். "நான் அந்தப் புத்தகத்துல வர்ற அம்மா பேசறேன். ஒரு நாள் வீட்டுப் பக்கம் வர முடியுமாம்மா? உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

மூன்று மணிக்குப் போனாள். மூன்றாவது மாடி, இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் புத்தகம் மட்டும். அம்மாவுக்கு எழுபது இருக்கும். வலது மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது. டீ டம்ளரை இடது கையால் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு டம்ளருக்கு இன்னொரு நடை. படக்காரம்மா எழப் போனாள். "உக்காருங்க, பழக்கம்தான்" என்றார்.

பிறகு அவளுடைய இடது கையையே பார்த்தார். சுண்டுவிரல் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும், சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியது. அம்மா புத்தகத்தைத் திறந்து படத்தில் இருந்த சுண்டுவிரலைத் தொட்டார்.

"ஓ, உங்க கையவே எனக்குக் குடுத்திருக்கீங்க" என்றார். குரல் தழுதழுத்தது.

"நான் இதப் படிக்கலம்மா. படம் மட்டும் பாப்பேன். தினம் பாப்பேன். எழுத்துக்குள்ள போகப் பயமா இருக்கு. எம்பிள்ள எழுதினதுதான், ஆனாலும் பயம். நீங்க மூணு தடவ படிச்சவங்களாச்சே. இந்தக் கை எப்படிப் போச்சுன்னு எழுதியிருக்கான்?"

"மெஷின்ல..." என்றாள்.

"மெஷின்லதான். எப்படின்னு எழுதியிருக்கான்? அத மட்டும் சொல்லுங்க."

பேராசிரியை சொன்னதற்கு மேல் அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. எதையாவது கட்டிச் சொல்லலாம். வாயில் ஒன்று வந்தும்விட்டது. ஆனால் அந்த அம்மாவின் விரல் இன்னும் படத்திலிருந்த அவளுடைய சுண்டுவிரல் மேலேயே இருந்தது.

"நான் படிக்கலம்மா" என்றாள். "ஒரு தடவகூடப் படிக்கல. உங்களுக்குக் கை இல்லன்னு எனக்குத் தெரியாது. தெரியாமதான் வரைஞ்சேன்."

அம்மா விரலை எடுத்துக்கொண்டார். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். ஒருவழியாக அது கிளம்பிப் போனது.

"எட்டு மாசமா இந்தக் கையப் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார் கடைசியில். "முகம் தெரியாத ஒருத்தி, எல்லாத்தையும் படிச்சுட்டு, தெரிஞ்சே குடுத்தாளேன்னு."

திட்டியிருந்தால் தேவலை. படக்காரம்மாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஐம்பத்தொரு வயதுக்காரி, பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மாத்தி வரைஞ்சு தந்துடறேன்மா. அடுத்த பதிப்புல..."

"எதுக்கு? இன்னொரு தடவ வெட்டறதுக்கா?"

அம்மா புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினார். "படி" என்றார். இதுவரை இருந்த 'நீங்க' போய்விட்டது. "எனக்குக் கேக்கற மாதிரி, சத்தமாப் படி."

படித்தாள். முதல் பக்கத்தில் பட்டறை, பசை வாசம். மூன்றாம் பக்கத்தில் மதியச் சாப்பாட்டு மணி. ஐந்தாம் பக்கத்துக்கு வந்தபோது டீகூட ஆறியிருக்கவில்லை. இதற்குத்தான் அவளுக்கு எட்டு மாதம் நேரமில்லாமல் போயிருந்தது.

'எனக்கு ஆறு வயது. அன்று என் பால் பல் விழுந்திருந்தது. அதைக் காட்டப் பட்டறைக்கு ஓடினேன். வாசலில் நின்று, அம்மா இங்க பாரு என்று கத்தினேன். அம்மா பார்த்தாள்.'

அடுத்த பத்தியில் கண்ணை ஓட்டிவிட்டு அவள் நிறுத்திக்கொண்டாள். அம்மா, "ம்" என்றார்.

'மெஷின் பழசு, தானா இறங்கிடுச்சு என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள். நானும் இன்றுவரை நம்பினதுபோல் இருக்கிறேன்.'

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரிஞ்சே இருந்திருக்கான்" என்றார். "இத்தன வருஷமா அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு நான் பாத்துக்கிட்டிருந்தேன்." பிறகு, "இந்தப் படங்கள மட்டும் அவன் திரும்பியே பாக்க மாட்டான். நான் எடுத்தா எழுந்து போயிடுவான். இப்பல்ல புரியுது" என்றார்.

படக்காரம்மாவுக்கும் புரிந்தது. மேடையில் தரையைப் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. தன் அலட்சியம் தன்னோடு போயிற்று என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

"அஞ்சரைக்கு வருவான். இருந்து அவன்கிட்டயும் சொல்லிட்டுப் போ" என்றார் அம்மா. அவள் இருந்தாள். இரண்டாவது அத்தியாயமும் மூன்றாவதும் படித்தாள். ஈரத் துணியின் ஒரு முனையைக் குழாயில் சுற்றி இடது கையால் முறுக்கிப் பிழிவதைப் பற்றி அம்மா நடுநடுவே சொன்னார்.

லென்ஸ்காரர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள். விட்டால் மறுபடி ஏதாவது அழகாகப் பேசிவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

"நான் உங்க புத்தகத்தப் படிக்காமதான் வரைஞ்சேன். எனக்குக் கை நல்லா வரும், அதான் எல்லாத்துலயும் போட்டேன். வேற ஒண்ணுமே இல்ல. மேடையில பேசினது பூரா பொய்."

அவர் ஒரு கால் செருப்போடு நின்றார். "படிக்கவே இல்லயா?"

"இன்னிக்குத்தான் இங்க உக்காந்து மூணு அத்தியாயம் படிச்சேன்."

"அம்மாவுக்கும் கேக்கற மாதிரி படிச்சீங்களா?" என்றார். அம்மா தலையசைத்தார்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நான் கூப்பிடாம இருந்திருந்தா எங்கம்மா எப்படி இருந்திருப்பாங்கன்னு, ஒம்போது தடவ வரைஞ்சு என் மூஞ்சிக்கு நேரா காட்டிட்டீங்கன்னு நெனச்சேன். நியாயம்தானேன்னு நெனச்சேன். அந்தப் படங்களப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது."

"பல்லு விழுந்தா பிள்ளைங்க காட்டத்தான் செய்யும்" என்றார் அம்மா. "நீ கூப்பிட்டு நான் திரும்பாம இருப்பேனாடா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படக்காரம்மா வசவுக்குத் தயாராக நின்றாள். வாங்கிக்கொண்டு போனால் கொஞ்சம் லேசாகும் என்றுகூட இருந்தது. அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"நீங்க படிக்காம இருந்ததுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார். கேலி இல்லை, மனதாரச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாங்கிய பாராட்டு கொஞ்சநஞ்சமில்லை. எழுதியவரே, தன் புத்தகத்தைப் படிக்காததற்காகக் கும்பிட்டு நன்றி சொன்னது இது ஒன்றுதான். பதிலுக்குக் கும்பிட அவளுக்குக் கை எழவில்லை. மேசையிலிருந்த புத்தகத்தைக் காட்டி, "மீதியப் படிச்சுட்டுத் தரட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.